அளவுக்கு நின்ற மாமி

கல்யாணமான புதிதில் நாங்கள் மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் தியாகராய நகரில் தன் அண்ணன் நடத்திய பாத்திரக் கடையில் இருந்தார். கல்லாவில் அண்ணன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இவர் நிற்பார். அண்ணன் எழுந்தால் இவர் உட்காரலாம். அண்ணன் எழுந்து நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு மயிலாப்பூரில் வீடு கிடைத்ததே பெரிய விஷயம். வீட்டுச் சொந்தக்காரர் எங்களைக் கூடத்தில் நிற்க வைத்துத்தான் பேசினார்.

"சைவந்தானே?"

"ஆமா சார்."

"முட்டை?"

"இல்ல சார்."

"வெங்காயம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "எப்பவாச்சும்" என்றேன். வெங்காயம் போடும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பது என்று தீர்ப்பாகி வீடு கிடைத்தது. ஐரோப்பா பார்க்கச் சம்மதமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு இடம் தேடியிருப்போமோ என்னவோ.

சார் அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டையான மனிதர். வீட்டுக்குள்ளேயே கைத்தடியோடுதான் நடப்பார். அதை ஊன்றி நான் பார்த்ததில்லை. எதையாவது சுட்டிக்காட்டத்தான் அது. மாமி குள்ளம். நடப்பதே கேட்காது. பேசுவதும் அப்படித்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவர்களுடைய ஒரே மகள் லண்டனில் இருந்தாள். பிரசவத்துக்கு மாமியை வரவழைத்தார்கள். சாரையும் வரவழைத்தார்களா, மாமி போகிறாள் என்று அவரும் கிளம்பினாரா என்பது எனக்குக் கடைசி வரை தெளிவாகவில்லை. மாமி அங்கே பத்தியச் சாப்பாடு சமைத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, துணி அலசிக்கொண்டிருந்த மாதங்களில் சார் ஊர் சுற்றிப் பார்த்தார். திரும்புவதற்கு முன் மாப்பிள்ளை இரண்டு பேரையும் ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏற்றி, பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று காட்டி அனுப்பினார். சார் கையில் ஒரு காமிராவும் கொடுத்திருந்தார். அந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் பல சாயங்காலங்களில் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

சாதாரண போட்டோவாக இருந்திருந்தால் ஒரு ஆல்பத்தோடு போயிருக்கும். ஆல்பத்தை மடியில் வைத்து, ரெண்டு பக்கத்துக்கு ஒரு தரம் "அருமை" என்று சொல்லிப் புரட்டிவிடலாம். ஊரில் எத்தனையோ கல்யாண ஆல்பங்களை அப்படிக் கடந்து வந்தவள் நான். இவை ஸ்லைடுகள். தீப்பெட்டி அகலத்துக்கு அட்டைச் சட்டம், அதில் துக்கினியூண்டு பிலிம். அதை ஒரு மெஷினில் செருகி விளக்கைப் போட்டால் எதிர்ச் சுவரில் பெரிதாகத் தெரியும். அந்த மெஷினும் லண்டனிலிருந்து வந்திருந்தது. ஓடும்போது மாவு மில் மாதிரிச் சத்தம். சுவரில் சாருடைய எட்டு முழ வேட்டியை ஆணியடித்துக் கட்டுவார்கள். அதன் மூலையில் ஒரு மஞ்சள் கறை. அதனால் ஐரோப்பாவில் எந்த ஊருக்குப் போனாலும் வானத்தின் இடது பக்கம் கொஞ்சம் மஞ்சளாகவே இருந்தது.

வாரத்துக்கு ஒரு தரமாவது காட்சி. விளக்கு வைத்ததும் சார் கீழிருந்து கைத்தடியால் மாடிப்படியைத் தட்டுவார். நாங்கள் இறங்கிவிடுவோம். காரணம் கலை ஆர்வம் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் சாருடைய கூடத்தில் இருந்தது. அவர் ஒரு நாளும் எங்களை மிரட்டியதில்லை, அப்படிப்பட்ட மனிதரும் இல்லை. காட்சிக்குப் போன மறுநாள் விடியும்போதே மோட்டார் ஓடும். போகாத மறுநாள் அவருக்கு மறந்துவிடும். அவ்வளவுதான்.

"தலை வலிக்குன்னு சொல்லிருவோமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்குத் துணி துவைக்கணும்னு சொன்னியே" என்றார் என் வீட்டுக்காரர். சட்டையை மாட்டிக்கொண்டோம்.

தெருவிலிருந்தும் நாலைந்து பேர் வருவார்கள். எல்லோரும் சாரைப் போல ஓய்வு பெற்றவர்கள். இருட்டில் பாதிப் பேர் தூங்குவார்கள். சார் அதிகாரியாக இருந்தபோது கூட்டங்கள் நடத்தியவர் என்பதால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

முதல் படம் எப்போதும் பாரிஸ்.

"இரும்புக் கோபுரம். உசரம் தொள்ளாயிரத்துச் சொச்சம் அடி" என்று ஆரம்பிப்பார். கைத்தடி மேலிருந்து இறங்கி வேட்டியின் அடியில் வந்து நிற்கும். அங்கே அரிசி மணி அளவுக்கு ஒரு உருவம், கையில் பையோடு. "இது இவ. அளவு தெரியணுமோல்லியோ. கீழே ஒரு மனுஷா நின்னாத்தான் கோபுரம் எவ்வளவு பெரிசுன்னு பார்க்கறவாளுக்குப் புரியும். இந்த வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் காத்துண்டிருந்து எடுத்தேன்."

அடுத்து ஒரு மாதா கோயில். அதன் வாசலில் மாமி. அடுத்து ஒரு பாலம். அதன் ஓரத்தில் மாமி. நீரூற்று, அரண்மனை, குதிரை மேல் உட்கார்ந்த ஏதோ ராஜாவின் சிலை, எல்லாவற்றுக்கும் அடியில் மாமி. ஐரோப்பா முழுவதையும் சார் மாமியை வைத்து அளந்து முடித்திருந்தார். நிஜ மாமி அப்போது அடுக்களையில் எங்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பாள்.

அவர்கள் வீட்டில் வேலை செய்த அம்மா நொச்சிக்குப்பத்துக்காரி. ஒருநாள் பின்கட்டு வாசலில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும் மாமியிடம் கேட்டாள்:

"இன்னாம்மா, எல்லா ஊர்லயும் நின்னுகினே கீறியே. ஒக்கார எடமே இல்லியா அங்க?"

மாமி சிரித்தாள். சார் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஐரோப்பியப் பூங்காக்களில் உள்ள பெஞ்சு வசதிகளைப் பற்றி வெகு நேரம் விளக்கினார்.

இப்படி ஒரு வருஷம் போனது. சாருக்கு ஒரு ஆசை இருந்தது. அடையாறில் ஓய்வு பெற்ற அதிகாரிகளுக்கென்று ஒரு மன்றம் உண்டு. மாதம் ஒரு பேச்சு வைப்பார்கள். அங்கே போய்ப் படம் காட்ட வேண்டும். சார் பல தடவை கேட்ட பிறகு, கடைசியில் அதன் செயலாளர் தன் மனைவியோடு நேரில் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த வாரம் முழுக்க சார் ஒத்திகை பார்த்தார். கண்ணாடி முன், கிணற்றடியில், மாடிப்படியில் எங்களை மறித்து வைத்து. விளைவு, செயலாளர் வரும் நாள் காலையில் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மிளகுப் பால், சித்தரத்தை, வெந்நீர்க் கொப்பளிப்பு எதற்கும் கேட்கவில்லை. சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. சார் மாமியைக் கூடத்துக்கு இழுத்து வந்து காதில் ஏதோ ஊதினார்.

"நானா? எனக்கென்னன்னா தெரியும்?" என்றாள் மாமி.

மறுபடியும் ஊதினார்.

"ஊர் பேரும் உசரமும் சொன்னாப் போறுமா? சரி."

நாங்கள் வழக்கம்போலச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். செயலாளருக்கும் அவர் மனைவிக்கும் நாற்காலி. சார் மெஷின் பக்கத்தில். விளக்கு அணைந்தது, கோபுரம் வந்தது.

"இது பாரிஸ்" என்றாள் மாமி. "உசரமா இருந்தது."

அதோடு நிறுத்திவிட்டாள். செயலாளர் கொட்டாவியை விழுங்கினார். அவர் மனைவிதான் மரியாதைக்காக ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டாள்: "அங்க நிக்கறது நீங்கதானே மாமி? கையில என்ன பை?"

"தயிர்சாதம்."

செயலாளர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாரிஸ்லயா?"

"பின்னே, பஸ்ல கொடுக்கறதை இவர் தொடமாட்டாரே. கார்த்தால ஓட்டல் ரூம்ல ஸ்டவ்வை மூட்டிப் பண்ணினேன். ரூம்ல அடுப்பு மூட்டக்கூடாதாம். புகை வாசனை வந்து கதவைத் தட்டினா. சாம்பிராணின்னு சொல்லுன்னார் இவர். அதுக்கு அவா பாஷையில என்னன்னு எனக்குத் தெரியாது. கையைக் கூப்பிக் காட்டினேன். போயிட்டா."

சார் தொண்டையைச் செருமப் பார்த்தார். வரவில்லை.

"அப்புறம் கோபுரத்துக்கு வந்தோம். என்னை அங்க நிக்கச் சொல்லிட்டு இவர் பின்னாடியே போனார். படத்துல முழுசா விழலை, இன்னும் போறேன்னார். போனார், போனார், கூட்டத்துல காணும். எனக்கு நகர்றதுக்குப் பயம். நான் நகர்ந்தா அளவு கெட்டுடுமோன்னு."

யாரோ இருட்டில் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு மணி நேரம் ஆயிடுத்து. கால் கடுத்துப்போச்சு. பலூன் விக்கறவர் ஒருத்தர், வயசானவர், என்னையே பார்த்துண்டிருந்தார். தன்னோட முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் பேசறது எனக்குப் புரியலை, நான் பேசறது அவருக்குப் புரியலை. ரொம்ப சௌக்கியமா இருந்தது. பாதி தயிர்சாதம் அவருக்குக் கொடுத்தேன். மாவடுவைக் கடிச்சதும் கண்ணுல ஜலம் வந்துடுத்து. அழறாரோன்னு நினைச்சேன். காரம்."

"சார் எங்கே போயிருந்தார்?" என்றார் செயலாளர். கொட்டாவி எங்கோ போயிருந்தது.

"அவரைத்தான் கேக்கணும். ஒரு போலீஸ்காரர் கையைப் பிடிச்சுண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வேலையா அந்த முக்காலியை நகர்த்தச் சொல்லிட்டு இந்தப் படத்தை எடுத்தார்."

ஒரு வருஷமாக வாரா வாரம் நாங்கள் பார்த்த படம் அது. சரியான வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த கதையும் எங்களுக்கு மனப்பாடம்.

சார் அவசரமாக அடுத்த ஸ்லைடைத் தள்ளினார். பதற்றத்தில் பனிமலை தலைகீழாக வந்தது. எடுத்து நேராக்கினார். அதில் அவரே இருந்தார், ஓவர்கோட்டோடு, நெஞ்சை நிமிர்த்தி. "இந்தக் குளிர் எனக்கு ஒண்ணுமே பண்ணலை" என்று வழக்கமாகச் சொல்லும் படம்.

"இதுல இவர் குண்டாத் தெரியறாரே, உடம்பு வெச்சுதுன்னு நினைச்சுக்காதீங்கோ" என்றாள் மாமி. "கோட்டுக்கு உள்ளே என்னோட அரக்குப் பட்டுப் புடவை. பட்டு கதகதப்பா இருக்கும்னு எங்கேயோ படிச்சாராம். நாலு சுத்து சுத்திவிட்டேன். முந்தானையை மட்டும் இப்படி மடிச்சுச் செருகினேன்."

செயலாளரின் மனைவி சிரித்ததில் நாற்காலி கிறீச்சிட்டது. அன்று தெருவிலிருந்து வந்த யாரும் தூங்கவில்லை. சார் இருட்டில் எப்படி இருந்தார் என்று தெரியவில்லை. மெஷினின் பின்பக்க வெளிச்சத்தில் அவர் காது மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. லண்டன் மணிக்கூண்டு மங்கலாக வந்தது. மூடுபனி என்று சார் சொல்லி வந்த படம். தலைவலித் தைலம் தடவிய விரலோடு அவர் காமிராக் கண்ணாடியைத் தொட்டுவிட்டதாக மாமி சொன்னாள். அன்று வெயில் சுள்ளென்று அடித்ததாம்.

அதற்குப் பிறகு ஒரு ஏரி வந்தது. நடுவில் ஒரு படகு, அதில் சிலர். சார் எப்போதும் "ஏரி" என்று ஒரே வார்த்தை சொல்லித் தாண்டிவிடும் படம். அன்றும் தாண்டப் பார்த்தார்.

"சித்த இருக்கட்டும்" என்றாள் மாமி.

கை நின்றது.

"அந்தப் படகுல பச்சையாத் தெரியறதே, அது நான். அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. எதுக்குன்னா, ஒண்ணுமில்லை. ஒரு சிலைக்குக் கீழே நிக்கமாட்டேன்னுட்டேன். மழை தூறிண்டிருந்தது. 'உன்னை அழைச்சுண்டு வந்ததே தண்டம்'னார். படகுக்கு டிக்கெட் என் கையில இருந்தது. ஏறிட்டேன்."

மாமி பேசும்போது அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் தனியா எங்கேயும் போனதில்லை. கபாலி கோயிலுக்குக்கூட யாராவது கூட வருவா. அங்க தண்ணிக்கு நடுவுல உக்காந்திருக்கேன், நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எந்த ஊர்லயும் எனக்கு அப்படி இருந்ததில்லை. கரை கிட்ட வந்தப்போ இன்னொரு சுத்து போகலாமான்னு தோணித்து. இவர் இந்தப் படத்தை ஏன் எடுத்தார்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் கேக்கலை."

அப்போது மெஷின் பக்கமிருந்து காற்றும் குரலுமாக ஒரு சத்தம் வந்தது. சார்தான்.

"திரும்பி வரலேன்னா... போலீஸ்ல காட்டணுமே. உன் படம் தனியா ஒண்ணுகூட இல்லை. எல்லாத்துலயும் பொடியா இருக்கே. பயந்துபோயிட்டேன்."

மாமி அவர் பக்கம் திரும்பினாள். இருட்டில் இரண்டு பேர் முகமும் தெரியவில்லை. "இதுலயும் பொடியாத்தான் இருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாரும் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். இருமல் மாதிரி இருந்தது.

விளக்கைப் போட்டதும் செயலாளர் எழுந்து வந்து மாமியைக் கும்பிட்டார். "அடுத்த மாசம் எங்க மன்றத்துல நீங்க பேசறேள்" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராகச் சாரைப் பார்த்து, "நீங்களும் அவசியம் வரணும் சார். மெஷினை ஓட்ட ஆள் வேணுமே" என்றார்.

சாருக்குக் குரல் இரண்டொரு நாளில் வந்துவிட்டது. ஆனால் ஒரு வாரம் அதை உபயோகிக்கவில்லை. அந்த வாரம் முடிந்து ஒருநாள் நான் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவர் கூடத்தில் மாமியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"போலீஸ்காரர் கையைப் பிடிச்சதைச் சொன்னாச் சொல்லிக்கோ. புடவையை மட்டும் அங்க சொல்லாதே. என்னோட வேலை பார்த்தவாள்ளாம் இருப்பா."

"சொல்லலை" என்றாள் மாமி.

அடையாறுக்கு எங்களையும் டாக்ஸியில் அழைத்துப் போனார்கள். மின்விசிறிகள் சுற்றும் பெரிய ஹால், வரிசையாக வழுக்கைத் தலைகள். ஒரு காலத்தில் இவர்கள் கையெழுத்துக்கு ஊரே காத்திருந்தது என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னார். மாமி நின்றுகொண்டே பேசினாள். மைக்கை இரண்டு தரம் கீழே இறக்க வேண்டியிருந்தது. பனிமலை வந்தபோது புடவையைச் சொன்னாள். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். வரும் வழியில் டாக்ஸியில் சார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். படம் வந்துடுத்தே" என்றாள் மாமி.

"படத்தை நான்தானே போட்டேன்" என்றார் சார்.

பிறகு சார் வீட்டுக் காட்சிகளுக்குத் தெருக்காரர்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். நாங்களே கைத்தடிச் சத்தத்துக்குக் காத்திருக்காமல் இறங்கிவிடுவோம். சார் இருட்டிலிருந்து திருத்தம் சொல்வார். "ஒரு மணி நேரம் இல்லை, முக்கால் மணிதான்." "கையைப் பிடிச்சுண்டு வரலை, அவர் பக்கத்துல வந்தார்." மாமி ஒப்புக்கொள்ள மாட்டாள். சண்டை முற்றும்போது கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். ஒருநாள் பல்பு வெடித்தது. அந்த அளவு பல்பு மவுண்ட் ரோடில் இல்லை, மூர் மார்க்கெட்டிலும் இல்லை. வாங்கி அனுப்பும்படி லண்டனுக்கு எழுதிப்போட்டார்கள். பல்புக்குப் பதில் மகள் மறுபடி முழுகாமல் இருக்கும் செய்திதான் வந்தது.

இந்த முறை டிக்கெட் ஒன்றுதான் வந்தது. அந்தக் குளிர் தன் மூட்டுக்கு ஆகாது என்று சார் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்பதால் நிறையச் சொன்னார். மாமிக்குக் காமிராவில் புது ரோல் போட்டுக் கொடுத்து, கொல்லையில் தென்னை மரத்தை வைத்துப் பயிற்சி கொடுத்தார். மீனம்பாக்கத்தில் மாமி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சார் அந்த மாதங்களில் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டார். சில நாள் மாடிக்கு வந்து எங்கள் வீட்டு ரசத்தைச் சாப்பிட்டார். அதில் வெங்காயம் இருந்ததை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாமி திரும்பி வந்தபோது கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. புதுப் பல்பும் கொண்டு வந்திருந்தாள். மறுநாளே சார் காமிராவைக் கையில் வாங்கி, ரோல் எத்தனையில் நிற்கிறது என்று பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம்.

"ஒண்ணுகூட எடுக்கலையா?"

"எடுக்கணும்னுதான் கைல கொண்டு போவேன்" என்றாள் மாமி. "பார்த்துண்டே இருந்துடுவேன். பொழுது போயிடும்."

"எங்கெங்கே போனே?"

"மாப்பிள்ளை சனிக்கிழமை குழந்தைகளைப் பார்த்துக்கறேன்னார். பஸ்ல ஏறிப் போயிடுவேன். ஒருநாள் சமுத்திரத்துக்குப் போனேன். மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல்லு."

சார் காமிராவை மேஜை மேல் வைத்துவிட்டு மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்லுமேலயா நடந்தே? செருப்போடயா?" என்றார். மாமி காப்பிக்கு அடுப்பில் பால் வைத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். எனக்கும் கேட்க ஆசைதான். ஆனால் அன்றைக்குக் கடையிலிருந்து இவர் சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்ததால் நான் மாடிக்குப் போய்விட்டேன்.